எஸ்டிகே ஐசி எரிந்த ஆம்ப்: அதே ஐசியா, வேறு போர்டா?

வீட்டு ஆம்ப்பில் எஸ்டிகே ஐசி, அதாவது பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் பவர் ஐசி, போய்விட்டால் முன்பெல்லாம் கேள்வியே இல்லை. நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் அதே ஐசி கிடைக்கும். பழையதன் 18 காலையும் கழற்றிவிட்டுப் புதியதை சால்டர் செய்தால் செட் பாடும். இப்போது கதை வேறு. இந்த ஐசிகளைச் செய்துவந்தது ஜப்பானின் சான்யோ. அதன் செமிகண்டக்டர் பிரிவு 2011-ல் ஆன் செமிகண்டக்டர் நிறுவனத்தின் கைக்குப் போனது. பழைய ஆடியோ எஸ்டிகேக்களின் உற்பத்தியும் நின்றுபோனது. ஆனாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்க் கேட்டால் எஸ்டிகே 4191 புத்தம் புதிதாக எடுத்துக் கொடுக்கிறார்கள். "ஒரிஜினலா அண்ணே?" என்று கேட்டால் "எல்லாம் ஒரிஜினல்தான் தம்பி" என்பதுதான் பதில்.

ஆக, நமக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது. அதே எஸ்டிகேயைத் தேடிப் போடுவது. அதை எடுத்துவிட்டு டிடிஏ 7294 அல்லது எல்எம் 3886 என்ற வேறு பவர் ஐசி வைத்த ரெடிமேட் போர்டு போடுவது. 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி வைத்த போர்டுக்கு மாறுவது. அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டு டிபிஏ 3116 மாதிரி கிளாஸ் டி (சிக்னலை வேகமாக ஆன், ஆஃப் செய்து பெருக்கும் ரகம்) போர்டு ஒன்றை வாங்கி அதே பெட்டிக்குள் உட்கார வைப்பது.

இதில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரும், வெளியே மாட்டியிருக்கும் ஸ்பீக்கரின் ஓமும்தான் முக்கால்வாசி முடிவை எடுக்கின்றன. ஐசியின் மேல் போட்டிருக்கும் வாட் கணக்கைக் கடைசியாகப் பார்த்தால் போதும். கடைக்காரர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

முதலில், போனது ஐசிதானா?

ஒரு பக்கம் பாடவில்லை என்றதும் பாதிப் பேர் பவர் ஐசியைக் கைகாட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு பாக்ஸின் வயர்களையும் கழற்றிவிட்டு, செட்டை ஆன் செய்து, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 100 வரை பொறுத்துக்கொள்ளலாம். 20, 30 வோல்ட் என்று காட்டினால் அவுட்புட் பகுதி ஷார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த டெர்மினலில் எந்த பாக்ஸையும் மாட்டக்கூடாது. அவ்வளவு டிசி காயிலில் ஓடினால் அது கருகுவதற்கு அதிக நேரம் ஆகாது. சரிபார்க்கிறேன் என்று நல்ல பாக்ஸை மாட்டி, அதையும் எரித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

டிசி சரியாக இருந்தும் ஒரு பக்கம் ஊமையாக இருந்தால், இடது வலது பாக்ஸை மாற்றி மாட்டுங்கள். ஊமை பாக்ஸோடு போனால் கோளாறு பாக்ஸில். அதே பக்கத்தில் நின்றால் ஆம்ப்புக்குள். அடுத்து, உள்ளே பேஸ் டிரபிள் போர்டிலிருந்து பவர் போர்டுக்குப் போகும் இரண்டு சிக்னல் வயர்களை இடம் மாற்றுங்கள். இப்போது ஊமைப் பக்கம் மாறினால் பவர் ஐசி மேல் பழி இல்லை, பேஸ் டிரபிள் பக்கம்தான் குற்றவாளி. அங்கே பெரும்பாலும் 4558 ஐசி இருக்கும். அதன் 8-ஆம் காலில் பிளஸ், 4-ஆம் காலில் மைனஸ் சப்ளை வருகிறதா பாருங்கள். 7812, 7912 ரெகுலேட்டர்களில் ஒன்று போயிருந்தாலும் பாட்டு கரகரவென்று வரும், அல்லது வரவே வராது. அப்படியென்றால் இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்குத் தேவைப்படாது. சில்லறைச் செலவில் வேலை முடிந்தது.

உறுமல் பற்றியும் ஒரு வார்த்தை. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் உறுமல் குறையவில்லை என்றால் பவர் பக்கம் பார்க்க வேண்டும். சப்ளையைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துபோனால் வருவது 100 ஹெர்ட்ஸ் உறுமல். பிரிட்ஜ் டையோடு நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரண்டு அரைப்பகுதிகளையும் ஒரே பக்கமாகத் திருப்பிவிடுவதால் அது இரட்டிப்பாகிறது. எர்த் லூப்பிலோ ஷீல்டு அறுந்த வயரிலோ நுழைவது 50 ஹெர்ட்ஸ். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு இரண்டையும் ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால் காதே சொல்லிவிடும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? புதுப்புது ஃபியூஸாகப் போட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின் லைனில் சீரீஸாகப் போடுங்கள். செட் நன்றாக இருந்தால் ஆன் செய்ததும் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, கண்டன்சர்கள் நிரம்பியதும் மங்கிவிடும். முழு வெளிச்சத்தோடு நின்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். இந்த பல்பு இருக்கும் வரை அதற்கு மேல் எதுவும் கருகாது. ஆனால் பெட்டிக்குள் மெயின் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும், கை வைக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

அப்புறம் ஃபில்டர் கண்டன்சர்களில் மிச்சமிருக்கும் கரண்டை ஒரு வாட் ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு (ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'பட்' என்று அடிப்பது வேண்டாம்), மீட்டரை டையோடு செட்டிங்கில் வையுங்கள். எஸ்டிகேயின் அவுட்புட் காலுக்கும் பிளஸ் சப்ளைக் காலுக்கும் இடையே ஒருமுறை, மைனஸ் சப்ளைக் காலுக்கு ஒருமுறை. இரண்டில் ஒன்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஐசி போனது உறுதி. 4191 மாதிரி ஐசிகளில் இரண்டு சேனலும் ஒரே உடலுக்குள் இருப்பதால், ஒரு பக்கம் போனாலும் முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரிட்ஜ் டையோடையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

ஏன் எரிந்தது?

இதைக் கேட்காமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மறுபடி அதே கடை வாசலில்தான் நிற்க வேண்டும். வீட்டு செட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது, ஒரு சேனலுக்கு இரண்டு 8 ஓம் பாக்ஸை ஒன்றாகச் சேர்த்து மாட்டுவது. ஹாலில் ஒன்று, திண்ணையில் ஒன்று என்று. பேரலலாக மாட்டினால் 8 ஓம் 4 ஓம் ஆகிவிடும், ஐசி இரட்டிப்புக் கரண்ட் கொடுக்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மறுநாள் ரிப்பேர் கடையில் ஆம்ப்புகள் குவிவதற்கு இதுதான் காரணம் என்பேன்.

அடுத்தது சூடு. சூட்டை வெளியேற்றும் உலோக ஹீட் சிங்க்குக்கும் ஐசிக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பேஸ்ட் காய்ந்து மாவாகிப் போயிருக்கும். மூன்றாவது, கிராமத்து லைனில் ராத்திரி 11 மணிக்கு மேல் ஏறும் வோல்டேஜ். 230 இருக்க வேண்டிய இடத்தில் 260 வந்தால், உள்ளே 35 வோல்ட் இருந்த சப்ளை 39-ஐத் தாண்டும்.

இங்கேதான் ட்ரான்ஸ்ஃபார்மர் கணக்கு வருகிறது. உங்கள் ட்ரான்ஸ்ஃபார்மரின் மேல் 24-0-24 (நடு வயரிலிருந்து இரண்டு பக்கமும் 24 வோல்ட் ஏசி) என்று எழுதியிருந்தால், அந்த 24-ஐ 1.41-ஆல் பெருக்கி, டையோடுக்கு ஒரு வோல்ட் கழித்துக்கொள்ளுங்கள். சுமார் பிளஸ் 33, மைனஸ் 33 வரும். பாட்டு ஓடாதபோது இன்னும் இரண்டு மூன்று வோல்ட் கூடவே இருக்கும். 18-0-18 என்றால் 24, 25. 28-0-28 என்றால் 38-க்கு மேல், லோடு இல்லாதபோது 40-ஐத் தாண்டும். எழுத்து அழிந்திருந்தால் ஃபில்டர் கண்டன்சரின் இரண்டு முனையிலும் நேராக அளந்துவிடுங்கள். இந்த ஒரு எண் தெரிந்தால் நாலு வழியில் ஒன்றோ இரண்டோ தானாக அடிபட்டுப் போகும்.

அதே எஸ்டிகே

இதன் கவர்ச்சி புரிகிறது. பெட்டி, ஹீட் சிங்க், போர்டு எதுவும் மாறாது, ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும். 4191-க்கு சான்யோ பரிந்துரைத்தது பிளஸ் மைனஸ் 35 வோல்ட், 8 ஓம், சேனலுக்கு 50 வாட். 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. இன்னொரு வசதி, 4101 முதல் 4191 வரை ஒரே வரிசை, கால்களின் அடுக்கும் ஒன்றே. 4141 போன இடத்தில் 4191 போடலாம். உடல் பெரிது, ஸ்க்ரூ துளை மட்டும் ஒத்துவராமல் போகும். பெரியது இருந்த இடத்தில் சின்னதைப் போடக் கூடாது.

சிக்கல் எல்லாம் சரக்கில்தான். போன எஸ்டிகே ஒன்றின் கறுப்பு மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து பார்த்தால் விஷயம் விளங்கும். அலுமினியத் தகட்டின் மேல் செம்புத் தடங்கள், அச்சடித்த மாதிரி கறுப்பு ரெசிஸ்டர்கள், நடுநடுவே முடி போன்ற அலுமினியக் கம்பி இழுத்த சின்னச் சின்ன சிலிக்கான் துண்டுகள். பழைய சான்யோவில் பவர் டிரான்சிஸ்டர் துண்டுகள் நல்ல அகலமாக இருக்கும், அடியில் சூட்டைப் பரப்புவதற்கென்று ஒரு செம்புக் கட்டியும் இருக்கும். போலிகளைத் திறந்தால் துண்டு பொடிசாக இருக்கும், சிலவற்றில் கட்டியே இருக்காது. அதே நம்பர், அதே மூடி. ஆனால் 35 வோல்ட்டில் கொஞ்சம் சத்தமாக வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் போய்விடும். இவற்றை வாங்கிப் போட்டு, முதல் நாளே போனது என்று அலுத்துக்கொள்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை வோல்ட் சப்ளை? 18-0-18 செட்டில் அதே போலி வருஷக் கணக்கில் ஓடும். 24-0-24-ல் ஓடாது.

ஆகவே எஸ்டிகேதான் வேண்டும் என்றால் புதியதைத் தேடாதீர்கள். உடைந்த பழைய கம்பெனி செட்டுகளில் கழற்றிய ஐசியைத் தேடுங்கள். கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருப்பதே அதற்கு நற்சாட்சி. மாட்டும் முன் முன்பு சொன்ன டையோடு சோதனையைச் செய்துகொள்ளுங்கள், கடைக்காரர் முன்னாலேயே. பின்பக்க உலோகத் தகடு சர்க்யூட்டோடு தொடர்பில்லாதது, அதனால் நடுவே மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு) வேண்டாம், பேஸ்ட் போதும்.

கம்பெனி செட், அதாவது டெக், ரேடியோ, ஈக்வலைசர் எல்லாம் ஒன்றாக வந்த பழைய ஜப்பான் மியூசிக் சிஸ்டம் என்றால் எனக்கும் இந்த வழிதான் சம்மதம். அதற்குள் வேறு போர்டு நுழைக்க இடமும் இருக்காது, மனசும் வராது.

டிடிஏ 7294, எல்எம் 3886

தனித்தனி போர்டுகளை வாங்கி அசெம்பிள் செய்த செட்டாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பக்கம். இவை ஒரு சேனலுக்கு ஒரு ஐசி. ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றலாம். எஸ்டிகேயில் இல்லாத பாதுகாப்பும் உள்ளேயே இருக்கிறது. எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 7294, உள்சூடு 145 டிகிரிக்குப் போனால் தன்னைத் தானே மியூட் செய்துகொள்ளும், 150-ல் ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும். ஆறியதும் திரும்பப் பாடும். நேஷனல் செமிகண்டக்டர் உருவாக்கிய 3886-லும் இதே போன்ற காவல் உண்டு. ஆன் செய்யும்போது வரும் 'டொப்' சத்தமும் மியூட் வசதியால் குறையும்.

வோல்டேஜ் கணக்கு: 7294 பிளஸ் மைனஸ் 10-லிருந்து 40 வரை வேலை செய்யும். 8 ஓமுக்கு 35 வோல்ட்டில் 70 வாட் என்கிறது கம்பெனி தரும் விவரத்தாளான டேட்டாஷீட். ஆக, 24-0-24 இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம், பாக்ஸ் 8 ஓம் என்றால். 28-0-28 இருந்தால் போடாதீர்கள், எல்லையில் நிற்கும். அதற்கு 50 வோல்ட் வரை தாங்கும் 7293 இருக்கிறது. போர்டில் ஒரு இணைப்பு மாறும் என்பதால், 7293-க்கென்றே செய்த போர்டாகக் கேட்டு வாங்குங்கள்.

4 ஓம் என்றால்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் போர்டு விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 35 வோல்ட் சப்ளையில் 8 ஓமுக்கு ஓட்டினால், மிக மோசமான நிலையில் ஐசிக்குள் சூடாக வீணாவது சுமார் 31 வாட். 4 ஓமுக்கு அது 62. 7294-ன் உள்ளேயிருந்து அதன் முதுகுத் தகடு வரை சூடு வர, வாட்டுக்கு 1.5 டிகிரி வித்தியாசம் தேவைப்படும். 62-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 93 டிகிரி. சித்திரை மாதத்து அறை வெப்பம் 38-ஐச் சேர்த்தால் 131. ஹீட் சிங்க் கொஞ்சமும் சூடாகாது, மைக்காவே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. நிஜத்தில் அவை இரண்டும் சேரும்போது 145-ஐத் தொட்டுவிடும். பாட்டு தொடர்ந்து ஒரே அளவில் ஓடுவதில்லை என்பதால் சின்னச் சத்தத்தில் தெரியாது. கல்யாண வீட்டில் வைத்தால் பாட்டு விட்டுவிட்டு வரும். டேட்டாஷீட்டே 4 ஓமுக்கு 27 வோல்ட்தான் சொல்கிறது, அதிலும் அதே 70 வாட் கிடைக்கும். எனவே 4 ஓம் பாக்ஸ் வைத்திருப்பவர் 18-0-18 அல்லது 20-0-20 ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மாற வேண்டும், அல்லது அடுத்த வழிக்குப் போக வேண்டும்.

மாட்டும்போது ஒரு இடத்தில் மட்டும் கவனம் சிதறக் கூடாது. 7294-ன் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு உள்ளே இணைந்திருக்கிறது. எஸ்டிகேயைக் கழற்றிய பழக்கத்தில் மைக்கா இல்லாமல் நேராக ஹீட் சிங்க்கில் திருகினால், ஹீட் சிங்க் மைனஸ் 33 வோல்ட்டில் நிற்கும். அது பெட்டியின் எர்த்தைத் தொட்டால் முழு ஷார்ட். மைக்கா, ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ் இரண்டும் போட்டுவிட்டு, தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். 3886-ல் டிஎஃப் என்று முடியும் ரகம் முழுக்கப் பிளாஸ்டிக் போர்த்தியது, அதற்கு மைக்கா தேவையில்லை. ஆனால் சூடு வெளியேறுவது கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

இரண்டில் எது? காதுக்கு 3886 கொஞ்சம் சுத்தம் என்பது என் அபிப்பிராயம். 8 ஓமுக்கு 35 வோல்ட்டில் 50 வாட் என்பதால் பழைய 4191-க்கும் அதுவே நேர் வாரிசு. 7294 எளிதில் கிடைக்கும், போர்டும் மலிவு. இரண்டுக்கும் போலி உண்டு என்பதால் கிடைக்கிற கடையின் நாணயத்தைப் பார்த்து வாங்குவதே முக்கியம்.

டிரான்சிஸ்டர் போர்டு

தோஷிபாவின் 2எஸ்சி 5200, 2எஸ்ஏ 1943 ஜோடியை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் தாங்கும் உருப்படி. 28-0-28-க்கு மேல் ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தாலோ, 4 ஓம் பாக்ஸ்களை விட முடியாது என்றாலோ இதுதான் வழி. 4 ஓமுக்கு சேனலுக்கு இரண்டு ஜோடி வைத்த போர்டாக வாங்குங்கள், சூடு நாலு உடல்களுக்குப் பிரிந்துவிடும்.

இதன் பெரிய லாபம், எது போனதோ அதை மட்டும் மாற்றலாம் என்பது. ஆனால் 'எது போனதோ அது' என்பது ஒன்றாக இருப்பதில்லை. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்போது அதன் டிரைவரையும் (அதை இயக்கும் சின்ன டிரான்சிஸ்டர்), 0.22 ஓம் 5 வாட் வெள்ளை ரெசிஸ்டரையும் கையோடு அழைத்துக்கொண்டு போகும். பார்வைக்கு நன்றாக இருக்கும் ரெசிஸ்டர் உள்ளே ஓபன் ஆகியிருக்கும். அந்தப் பக்கத்து டிரைவர், அவுட்புட், ரெசிஸ்டர் எல்லாவற்றையும் அளந்து பார்க்காமல் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் போகும்.

போட்டு முடித்ததும் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சின்னக் கரண்ட், செட் செய்ய வேண்டும். பாட்டு இல்லாமல், 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளில் 5 முதல் 10 மில்லிவோல்ட் வரும்வரை போர்டில் இருக்கும் பிரீசெட்டை (ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் சின்ன ரெசிஸ்டர்) திருப்புங்கள். ஒரு டிரான்சிஸ்டருக்கு 20 முதல் 45 மில்லிஆம்பியர் அளவு ஓடும். குறைந்தால் மெல்லிய சத்தத்தில் குரல் கரகரக்கும், கூடினால் சும்மா இருக்கும்போதே ஹீட் சிங்க் சுடும். இது புரியவில்லை, மீட்டரும் இல்லை என்றால் இந்த வழிக்கு வராதீர்கள், ஐசி போர்டே மேல். மலிவு போர்டுகள் பலவற்றில் எந்தக் காவலும் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிளாஸ் டி

ட்ரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போயிருந்தால் ஒழிய நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. ஒலி மோசம் என்பதால் இல்லை. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3116 நன்றாகவே பாடும், கைச்சூடு கூட ஏறாது. ஆனால் அதற்கு வேண்டியது ஒற்றை சப்ளை, அதிகபட்சம் 26 வோல்ட். பழைய பெட்டியின் பிளஸ் மைனஸ் 33-ல் ஒரு பாதியை மட்டும் கொடுத்தாலும் அது அங்கேயே முடிந்துவிடும். தனியாக ஒரு 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் பவர் சப்ளை) வாங்க வேண்டும்.

50 வாட் + 50 வாட் என்று போட்டிருப்பதும் 4 ஓமுக்கு, 21 வோல்ட்டில், 10 சதவீத டிஸ்டார்ஷன் வரும் அளவுக்கு முறுக்கினால். 8 ஓம் பாக்ஸுக்கு 30 வாட் பக்கம் எதிர்பார்க்கலாம். 60 வாட் 30 ஆனால் குறைவது 3 டெசிபல்தான், வீட்டு ஹாலில் பெரிதாகத் தெரியாது. தெருவுக்கே கேட்க வேண்டும் என்றால் தெரியும்.

வயரிங்கில் ஒரு பொறி இருக்கிறது. இதன் ஸ்பீக்கர் அவுட்புட்டில் இரண்டு முனையிலும் சிக்னல் உண்டு, எதுவும் எர்த் கிடையாது. பழைய அசெம்பிள் செட்டுகளில் இரண்டு பாக்ஸின் மைனஸும் பெட்டியிலேயே ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அந்த வயரிங்கை அப்படியே வைத்து இந்த போர்டைக் கொடுத்தால் ஷார்ட். நாலு வயரையும் தனித்தனியாக இழுக்க வேண்டும். மீடியம் வேவ் ரேடியோ பக்கத்தில் இருந்தால் இரைச்சலும் கேட்கும்.

சரி, எதைத்தான் போடுவது?

8 ஓம் பாக்ஸ், 24-0-24, அசெம்பிள் செட்: எல்எம் 3886 அல்லது டிடிஏ 7294, யோசிக்கவே வேண்டாம். நம் வீடுகளில் இருக்கும் செட்டுகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். கம்பெனி மியூசிக் சிஸ்டம் என்றால் கழற்றிய எஸ்டிகே, பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். 28-0-28-ம் 4 ஓமும் ஒன்றாக இருந்தால் டிரான்சிஸ்டர் போர்டு, இரண்டு ஜோடியாக. ட்ரான்ஸ்ஃபார்மர் கருகி வாடை வந்துவிட்டது, செட்டும் சின்ன அறையில்தான் ஓடப்போகிறது என்றால் கிளாஸ் டி. புது ட்ரான்ஸ்ஃபார்மர் விலைக்கு போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

எதைப் போட்டாலும் கடைக்குப் போகும் அதே தடவை சேர்த்து வாங்க வேண்டியவை சில உண்டு. கிளாஸ் டி தவிர மற்ற மூன்றுக்கும் ஃபில்டர் கண்டன்சர்களை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். 35 வோல்ட் சப்ளைக்கு 50 வோல்ட் ரகம், 85 டிகிரிக்குப் பதில் 105 டிகிரி என்று போட்டது. சூடு 10 டிகிரி குறைந்தால் எலக்ட்ரோலிடிக் கண்டன்சரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், ஹீட் சிங்க்கை ஒட்டி வைக்காமல் தள்ளி வையுங்கள். புது பேஸ்ட் ஒரு டியூப். அப்புறம் ஒரு ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு, யுபிசி 1237 ஐசியும் ஒரு ரிலேயும் வைத்தது. அவுட்புட்டில் டிசி வந்தவுடன் ரிலே பாக்ஸைத் துண்டித்துவிடும், ஆன் செய்ததும் சில நொடி தாமதித்து இணைக்கும். ஒரு ஜோடி நல்ல ஊஃபர் வாங்குகிற காசில் சின்னப் பங்குதான் அதன் விலை. கிளாஸ் டியோடு மட்டும் இதை மாட்ட வேண்டாம். அதன் இரண்டு முனையிலும் எப்போதும் பாதி சப்ளை டிசி நிற்பதால், ரிலே எப்போதுமே சேராது.